நின்றுபோன உங்கள் முதல் லிப்ஸ்டிக்கை மறுபடி தேடிப் பிடிப்பது எப்படி?

முதன்முதலில் பூசிக்கொண்ட லிப்ஸ்டிக், கண்ணாடி பதித்த காம்பாக்ட், மூடியைத் திருகும்போதே மணக்கும் பவுடர் டப்பா. இதில் ஏதாவது ஒன்றை வருடங்கள் கழித்து மறுபடி வாங்கப் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "இப்போது தயாரிப்பில் இல்லை." நான் தேடியது அக்காவிடமிருந்து எனக்கு வந்த ஒரு செங்கல் நிற லிப்ஸ்டிக்கை. எப்படித் தேடுவது என்ற விவரம் எங்கும் ஒரே இடத்தில் இல்லை. கிடைத்ததிலும் பாதி தப்பு. அலைந்து திரட்டியதை வரிசையாக எழுதி வைக்கிறேன். லிப்ஸ்டிக்கைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். பவுடர், சென்ட், நெயில் பாலிஷ் தேடுகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

1. முதலில் முடிவு செய்யுங்கள்: நிறமா, மணமா, பதமா?

இதை முடிவு செய்யாமல் இறங்கினால் காசு கரையும். மூன்றும் ஒரே பொருளில் திரும்பக் கிடைப்பது அபூர்வம். நிறத்தைப் பிடிப்பது எளிது. உதட்டில் வழுக்கிய அந்தப் பதத்தைப் பிடிப்பது கொஞ்சம் சிரமம். மணம் ரொம்பவே சிரமம். அந்தப் பொருளை நினைத்தவுடன் எது முதலில் வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்ற இரண்டில் விட்டுக்கொடுக்கத் தயாராக இருங்கள். சிலருக்கு வருவது காம்பாக்ட் 'டக்' என்று மூடும் சத்தம்தான். அவர்களுக்குக் காலி டப்பாவே போதும். உள்ளே சரக்கு இருப்பதைவிட அது மலிவாகவும் கிடைக்கும்.

நிறம்தான் என்று முடிவு செய்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முதல் லிப்ஸ்டிக்கை யாரும் முழுசாகப் பூசியிருக்க மாட்டோம். லேசாகத் தடவி, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பாதியைத் துடைத்திருப்போம். அதனால் நினைவில் இருக்கும் நிறம் குச்சியின் நிறத்தைவிட வெளிறியது. பழைய போட்டோவை ஆதாரமாக வைத்துக்கொள்ளவும் வேண்டாம். கலர் பிரிண்டில் சாயம் மங்கி, படமே சிவப்பாகவோ மஞ்சளாகவோ சாய்ந்திருக்கும். அதில் தெரியும் உதட்டு நிறத்தை நம்பிக் கடைக்குப் போனால் வேறு எதையோ வாங்கி வருவீர்கள்.

2. ஆவணங்களைச் சேருங்கள்

ஆவணம் என்றதும் பயப்பட வேண்டாம். பழைய டப்பா, அட்டைப் பெட்டி, பில், எதுவானாலும் சரி. வீட்டில் பெரியவர்களின் அலமாரி, கல்யாண ஆல்பம் வைத்த பெட்டி, பழைய கைப்பையின் உள் ஜிப் எல்லாவற்றையும் ஒரு முறை பாருங்கள். கிடைத்தால் இந்த விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிறத்தின் எண். லிப்ஸ்டிக்கின் அடியில் ஒட்டியிருக்கும் வட்டச் சீட்டில் இருக்கும். பெயரைவிட எண் முக்கியம். கம்பெனிகள் பிரபலமான பெயரை எடுத்து வேறொரு நிறத்துக்குச் சூட்டிவிடும். சீட்டு அழிந்திருந்தால் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள், அச்சு போனாலும் அழுத்தம் தெரியலாம்.

பார்கோடின் கீழே உள்ள எண். பெரும்பாலும் 13 இலக்கம். இதை அப்படியே தேடுபொறியில் போட்டால், பெயரை வைத்துத் தேடும்போது வராத பழைய விற்பனைப் பக்கங்கள் சில வரும். அந்தப் பக்கம் இப்போது திறக்கவில்லை என்றால் வேபேக் மெஷினில் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் இலவசக் காப்பகம் அது. கம்பெனியின் பழைய நிற அட்டவணையும், சில சமயம் சேர்மானப் பட்டியலும் அங்கே கிடைக்கும்.

பேட்ச் எண். எந்தத் தொகுப்பில் தயாரானது என்பதற்கான குறியீடு. இதை வைத்துத் தயாரிப்பு ஆண்டைச் சொல்லும் தளங்கள் இருக்கின்றன. அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குக் குறியீடு வைக்கிறது. ஆண்டுக்கு ஒரே இலக்கம் ஒதுக்கும் முறையில் பத்து ஆண்டுக்கு ஒருமுறை அதே குறியீடு திரும்பி வரும். தளம் "போன வருடத்துச் சரக்கு" என்று சொல்வது, பதினோரு வருடத்துக்கு முந்தையதாகவும் இருக்கலாம்.

சேர்மானப் பட்டியல். இதுதான் உண்மையான புதையல். பொருட்கள் அளவில் அதிகமானது முதலில், குறைவானது பின்னால் என்ற வரிசையில் இருக்கும். ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவை மட்டும் எப்படி வேண்டுமானாலும் மாறி வரலாம். எனவே பதத்தைத் தீர்மானிப்பது முதல் ஐந்தாறு பெயர்கள்தான். விளக்கெண்ணெயும் (பட்டியலில் ரிசினஸ் கம்யூனிஸ் என்று இருக்கும்) கேண்டலில்லா, கார்னோபா மெழுகுகளும் முன்னால் இருந்தால் அது பளபளப்பான, வழுக்குகிற, டம்ளரில் ஒட்டுகிற பழைய வகை. ஐசோடோடெகேன் முதலில் இருந்தால் பூசியதும் அது ஆவியாகி, காய்ந்து பிடித்துக்கொள்ளும் வகை. நீங்கள் தேடுவது முதல் வகை என்றால் இரண்டாவது வகையில் எத்தனை நிறம் பார்த்தாலும் திருப்தி வராது.

பட்டியலின் கடைசியில் 'சிஐ' (CI) என்று தொடங்கும் ஐந்து இலக்க எண்கள் இருக்கும். அவை சாயங்கள். 77491 சிவப்பு இரும்பு ஆக்சைடு, 77492 மஞ்சள், 77499 கறுப்பு. செங்கல், காப்பி, பழுப்பு நிறங்களுக்கு இந்த மூன்றுதான் அடித்தளம். 77891 டைட்டானியம் டை ஆக்சைடு, நிறத்தை வெளிறச் செய்து உதட்டை மறைக்கும் வெள்ளை. 77019 மைக்கா, மினுமினுப்புக்கு. 45410, 45380 இரண்டும் உதட்டில் கறை பிடிக்கும் இளஞ்சிவப்புச் சாயங்கள். துடைத்த பிறகும் ரோஜா நிறம் தங்கியிருந்த ஞாபகம் இருந்தால் இவற்றைத் தேடுங்கள். 75470 கார்மைன், பூச்சியிலிருந்து எடுப்பது. சைவம் பார்ப்பவர்கள் கவனிக்கவும். 15850 சிவப்பு. ஆனால் ஆரஞ்சு சாய்ந்த சிவப்பும் நீலம் சாய்ந்த சிவப்பும் இதே எண்ணில்தான் பெரும்பாலும் வரும். எனவே எண்ணை மட்டும் வைத்து நிறத்தை உறுதி செய்ய முடியாது.

இங்கே இன்னொரு பொறி. சாய எண்களுக்கு முன்னால் கூட்டல் கழித்தல் குறி போட்டிருந்தால், அது அந்த வரிசையில் உள்ள எல்லா நிறங்களுக்கும் பொதுவான பட்டியல். உங்கள் குச்சியில் அவற்றில் பாதி இல்லாமலும் இருக்கலாம்.

3. துளி மிச்சம் இருந்தால் மாதிரி எடுங்கள்

தேய்ந்துபோன குச்சியின் அடியில் எப்போதும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். பல் குத்தும் குச்சியால் சுரண்டி, பளபளப்பில்லாத வெள்ளைத் தாளில் இரண்டு இடத்தில் தடவுங்கள். ஒன்று தடிமனாக, இன்னொன்று விரலால் இழுத்து மெல்லிசாக. மெல்லிசாக இழுத்ததில்தான் நிறத்தின் சாய்வு தெரியும். தடிமனாகப் பார்த்தால் எல்லா அடர்நிறமும் ஒன்றுபோல இருக்கும். என்னுடையது குச்சியில் சுத்தமான பழுப்பு. தாளில் இழுத்தபோது ஓரத்தில் ஆரஞ்சு எட்டிப் பார்த்தது. பழுப்பு லிப்ஸ்டிக்குகளாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அதற்குப் பிறகுதான் தேடல் சரியான திசைக்கு வந்தது.

போட்டோ எடுப்பதானால் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம், வெயில் நேராக விழாத இடத்தில் எடுங்கள். குழல்விளக்கின் கீழே ஒத்துப்போகும் இரண்டு நிறம் வெளியே வந்ததும் பிரிந்து நிற்கும். பழையதை உதட்டில் பூசிப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம்.

4. கம்பெனியிடம் கேளுங்கள்

பலரும் இதைத் தவிர்க்கிறார்கள், பதில் வராது என்று. பெரிய கம்பெனிகளின் வாடிக்கையாளர் சேவையில் பெரும்பாலும் பதில் வரும், ஆனால் கேட்கும் விதத்தில் கேட்க வேண்டும். "என் சின்ன வயதில் ஒரு சிவப்பு லிப்ஸ்டிக் இருந்தது" என்று எழுதினால் பொதுவான ஒரு நன்றிக் கடிதம் வரும். வரிசையின் பெயர், நிற எண், பார்கோடு எண், அடிச்சீட்டின் படம் ஆகியவற்றோடு மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். இந்த நிறம் வேறு ஏதாவது நாட்டில் இன்னும் விற்பனையில் இருக்கிறதா? இப்போதைய வரிசையில் இதற்கு நெருக்கமான நிறம் எது? சேர்மானம் மாறியிருக்கிறதா? முதல் கேள்விதான் முக்கியம். ஒரு நாட்டில் நிறுத்திய நிறம் இன்னொரு நாட்டில் சில காலம் ஓடிக்கொண்டிருப்பது சாதாரணம்.

இரண்டு வாரம் காத்திருங்கள். வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

5. பெயர் அதே, சரக்கு வேறு

சந்தோஷமாக வாங்கிப் பிரித்ததும் ஏமாற்றம் தருவது இந்த வகை. டப்பா அதே, பெயர் அதே, உள்ளே மட்டும் வேறு. இதில் மோசடி எதுவும் இல்லை. விதிமுறை மாறும்போது கம்பெனி சேர்மானத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். லில்லிப்பூ மணம் தரும் லிலியால் என்ற வாசனைப் பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் 1 முதல் அழகுசாதனங்களில் தடை செய்தது. எத்தனையோ கிரீம்களிலும் பவுடர்களிலும் இருந்த மணம் அது. பொருள் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பாரபென்களில், ஐசோபியூட்டைல் பாரபென் உட்பட ஐந்தை அங்கே 2014-இல் விலக்கினார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் பேபி பவுடரில் டால்க்கை 2020-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023-இல் உலகம் முழுவதிலும் நிறுத்திவிட்டு சோள மாவுக்கு மாறியது. டால்க்கின் வழுவழுப்பு சோள மாவில் வராது, அது கொஞ்சம் மொறமொறப்பாக இருக்கும். உங்கள் ஞாபகத்தில் இருப்பது அந்த வழுவழுப்பு என்றால் புதிய டப்பாவில் அதைத் தேடிப் பயனில்லை.

எனவே வாங்குவதற்கு முன் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதல் ஆறு பெயர்களை ஒப்பிடுங்கள். 'புதிய மேம்பட்ட' என்று அட்டையில் போட்டிருந்தால் ஒப்பிடவே வேண்டாம், மாறியிருக்கிறது.

6. பழைய இருப்பை வாங்கலாமா?

நின்றுபோன பொருட்களைப் பிரிக்காமல் வைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆசை காட்டும் இடம் இதுதான், ஏமாறும் இடமும் இதுதான்.

திறந்த டப்பா படமும் அதற்குள் 6, 12, 24 போன்ற எண்ணும் பார்த்திருப்பீர்கள். அது திறந்த பிறகு எத்தனை மாதம் தாங்கும் என்பது. திறக்காமல் எத்தனை காலம் இருக்கும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னொன்று, ஐரோப்பிய விதிப்படி 30 மாதத்துக்கு மேல் தாங்கும் பொருளில் காலாவதி தேதி போட வேண்டிய கட்டாயமே இல்லை. "தேதியே இல்லை, அதனால் கெடாது" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

என் கணக்கு இது. கண்ணிலோ கண்ணோரத்திலோ பூசும் எதையும் பழையதாக வாங்காதீர்கள். மஸ்காராவைத் திறந்த மூன்று மாதத்தில் மாற்றச் சொல்வதே கண்ணில் கிருமி சேரும் என்றுதான். கண்மை, திரவ ஐலைனர், கிரீம், ஃபவுண்டேஷன் இவையும் வேண்டாம். அச்சில் அழுத்திய பவுடரில் தண்ணீர் இல்லாததால் அது கொஞ்சம் தாங்கும், கன்னத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நெயில் பாலிஷ் கெட்டியாகும், அவ்வளவுதான். அதைத் தளர்த்த அதற்கென்று விற்கும் தின்னரை இரண்டு சொட்டு விடுங்கள். ரிமூவரை ஊற்றினால் பாலிஷ் கெட்டுப்போகும். சென்ட், வெளிச்சமும் சூடும் படாமல் இருந்திருந்தால் வருடக்கணக்கில் இருக்கும். மேலாக வரும் எலுமிச்சை மாதிரியான மணம் முதலில் போய்விடும், அடி மணம் மிஞ்சும்.

லிப்ஸ்டிக் நடுவில் நிற்கிறது. எனக்கு வந்த ஒன்றின் பெட்டி பளிச்சென்று புதுசு. குச்சியைத் திருகினால் மேலெல்லாம் சின்னச் சின்ன எண்ணெய் முத்து. அதையாவது துடைக்கலாம், ஆனால் நாள்பட்ட எண்ணெயின் காறல் நாற்றம் மூக்கைத் தூக்கியது. அந்த நாற்றம் வந்தால் விவாதமே வேண்டாம், குப்பைக்குத்தான். எடுத்து வைத்துப் பார்த்து ரசிப்பதற்கென்றால் தாராளமாக வாங்குங்கள், உதட்டுக்கென்றால் எனக்கு மனம் வரவில்லை.

விற்பவரிடம் பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய படங்கள்: அடிச்சீட்டு, பேட்ச் எண், முழுதாகத் திருகிய குச்சி, பெட்டியின் பக்கவாட்டு, கூடவே அன்றைய தேதியைக் கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. கடைசியைத் தர மறுத்தால் அவர் கையில் பொருள் இல்லை. நின்றுபோய்ப் பல வருடமான வரிசையில் "எல்லா நிறமும் இருக்கிறது, எத்தனை வேண்டும்" என்று கேட்டால் போலி என்று எடுத்துக்கொள்ளுங்கள். எடையையும் பாருங்கள். அசல் 3.5 கிராம் என்று உங்கள் பழைய டப்பா சொல்லும்போது வந்ததில் வேறு எண் இருந்தால் சந்தேகம்தான்.

7. நிறம் மட்டும் போதும் என்றால்

நான் கடைசியில் போனது இந்த வழி. மூன்று கிளை உண்டு.

முதலாவது, இப்போது விற்பதில் நெருங்கியதைக் கண்டுபிடிப்பது. உங்கள் தாள் மாதிரியை எடுத்துக்கொண்டு போய், கடையின் டெஸ்டரை அதே தாளில் பக்கத்தில் இழுத்து, வெளியே வந்து பகலில் பாருங்கள். டெஸ்டரை உதட்டில் வைக்காதீர்கள், எத்தனை பேர் வைத்ததோ. திரையில் நிறம் பார்த்து வாங்குவது வீண். ஒவ்வொரு போனும் ஒரு சிவப்பைக் காட்டும்.

இரண்டாவது, இரண்டு லிப்ஸ்டிக்கைக் கலப்பது. பழுப்பு ஒன்று, ஆரஞ்சு ஒன்று, இரண்டும் ஒரே வகைப் பதமாக இருக்க வேண்டும். மெழுகு வகையோடு ஐசோடோடெகேன் வகையைக் கலந்தால் திரிந்து நிற்கும். சின்னத் தட்டில் பிரஷால் குழைத்து, விகிதத்தை எழுதி வையுங்கள். எனக்கு வேலை செய்தது இது. செலவும் மிகக் குறைவு.

மூன்றாவது, மாதிரியைப் பார்த்து நிறம் கலந்து தரும் சிறு நிறுவனங்கள். நின்றுபோன லிப்ஸ்டிக்கின் துளி மாதிரியை அனுப்பினால் அதே நிறத்தில் புதிதாக ஊற்றித் தருவார்கள். மூன்றிலும் அதிகச் செலவு இதில்தான், வாரக்கணக்கில் ஆகும். அனுப்பும் முன் மூன்று விஷயம் எழுத்தில் வாங்குங்கள்: நிறம் ஒத்துவராவிட்டால் திருத்தித் தருவார்களா, குறைந்தபட்சம் எத்தனை குச்சி வாங்க வேண்டும், உங்கள் நிறத்தின் விகிதத்தை அடுத்த முறைக்காகச் சேமித்து வைப்பார்களா. இருக்கும் மாதிரி முழுவதையும் அனுப்பிவிடாதீர்கள், பாதியை வைத்துக்கொள்ளுங்கள்.

8. மணம் என்றால்

பழைய லிப்ஸ்டிக் மணம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ரோஜாவும் வயலெட்டும் சேர்ந்தது. மெழுகு, எண்ணெய் வாடையை மறைக்கச் சேர்த்தது. அந்தச் சேர்க்கையையே 'லிப்ஸ்டிக் மணம்' என்று வைத்து சென்ட் செய்கிறார்கள். ரோஜா, வயலெட், ஐரிஸ் மூன்றும் குறிப்பில் இருக்கும் சென்ட்டுகளின் சிறு மாதிரிக் குப்பிகளை வாங்கி முகர்ந்து பாருங்கள். முழுப் பாட்டில் முதலில் வேண்டாம். ஒரு நாளில் இரண்டு மூன்றுக்கு மேல் முகர்ந்தால் மூக்கு மரத்துவிடும், எல்லாமே அதுதான் போலத் தோன்றும்.

9. செலவும் காலமும்

பொருளின் விலையைவிட மற்றவைதான் கடிக்கும். வெளிநாட்டிலிருந்து வருவது என்றால் தபால் செலவு, சுங்க வரி, சில இடங்களில் அதைக் கையாளும் கட்டணம். பணம் கட்டும் முன் மூன்றையும் கூட்டிப் பாருங்கள், மொத்தம் பொருளின் விலையைப்போல இரண்டு மடங்கானால் ஏழாவது படியே மேல்.

சென்ட்டும் நெயில் பாலிஷும் எளிதில் தீப்பற்றும் திரவம் என்பதால் விமானத் தபாலில் கட்டுப்பாடு உண்டு. சில தபால் சேவைகள் எடுக்கவே மாட்டா. "பரிசுப் பொருள் என்று போட்டு அனுப்புகிறேன்" என்று விற்பவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிடிபட்டால் பொருளும் போகும், பணமும் போகும். லிப்ஸ்டிக்கை வெயில் காலத்தில் வரவழைக்க வேண்டாம். வண்டிக்குள் உருகி, மூடியோடு ஒட்டி வரும்.

வாங்குபவருக்குப் பாதுகாப்பு தரும் தளத்தின் வழியே மட்டும் பணம் கட்டுங்கள், நேரடியாக அனுப்பினால் திரும்பி வராது. புகார் செய்யக் கெடு இருக்கும். பார்சல் வந்த அன்றே, பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள்.

10. வந்த பிறகு

உடனே பூசிக்கொண்டு கண்ணாடி முன் நிற்கத் தோன்றும். சின்ன வயதில் ஒத்துக்கொண்டது இப்போதும் ஒத்துக்கொள்ளும் என்பதில்லை. ஒவ்வாமை எந்த வயதிலும் புதிதாக வரும். முழங்கைக்கு உள்பக்கம் சிறிய இடத்தில் தினமும் இருவேளை, ஏழிலிருந்து பத்து நாள் வரை தடவிப் பாருங்கள். நெயில் பாலிஷுக்கு இன்னொரு கவனம்: அதன் ஒவ்வாமை விரலில் தெரியாமல் கண் இமையில் அரிப்பாக வரும், கையால் இமையைத் தொடுவதால். இமை தடித்தால் ஐஷேடோவைக் குறை சொல்வதற்கு முன் நகத்தைச் சந்தேகப்படுங்கள்.

அரிப்போ தடிப்போ வந்தால் கழுவிவிட்டு நிறுத்துங்கள். சேர்மானப் பட்டியல் உள்ள அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தோல் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.